உப்பு நீரும் ஒளுவும்

மரக்காணத்து உப்பளங்களில் ஒதுங்கி நிற்க ஒரு மரம் கிடையாது. வரப்பு, பாத்தி, வெட்டவெளி, அவ்வளவுதான். தொழுகை நேரம் பார்க்க இதைவிடத் தோதான இடம் வேண்டாம். ஒரு குச்சியை நட்டால் போதும். நிழல் கிழக்கே சாயத் தொடங்கினால் லுஹர். உச்சிப்பொழுதின் நிழலைக் கழித்தபின் குச்சியின் நீளத்தைத் தாண்டினால் ஷாஃபி மத்ஹபில் அஸர் வந்துவிட்டது. இமாம் அபூஹனீஃபாவின் கருத்துப்படி இரு மடங்காகும்வரை பொறுக்க வேண்டும். ஏப்ரல் 22ஐ ஒட்டிய நாட்களில் இக்கரையில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். கழிக்க நிழலே இராது. தொழ நிற்பவர் மேற்கே, சற்று வடக்காகத் திரும்புவார். வங்கக் கடல் அவருக்கு முதுகுப்புறம்.

வணக்கம் என்றதும் பள்ளிவாசல் சுவரோடு நின்றுவிடும் கட்டுரைகளே சிறப்பு மலர்களில் அதிகம். ஃபிக்ஹு நூல்களோ உப்பளத்துக்குள்ளேயே இறங்கி வந்திருக்கின்றன.

கடல்நீரில் ஒளு செய்யலாமா என்று கடலோடி ஒருவர் கேட்டபோது, அது தூய்மையாக்கும் நீரே என்று நபிகள் நாயகம் (ஸல்) விடையளித்தார்கள். ஆனால் பாத்தியில் தேங்கும் நீர், வெயிலில் வற்ற வற்ற உப்பேறிக் கரிக்கிறதே, அது? நீரிலிருந்தே விளைந்த உப்பால் சுவை மாறினால் பாதகமில்லை, மலையில் வெட்டிய உப்பைப் போட்டு மாறினால்தான் பாதகம் என்கின்றன ஷாஃபி நூல்கள். நீருக்குப் பதில் மண்ணால் செய்யும் தயம்முமுக்கு ஹனஃபிகள் மணல், கல், சுண்ணாம்பு என மண்ணினத்தில் பலவற்றையும் ஏற்பார்கள். நீரில் விளைந்த உப்பையோ ஏற்கமாட்டார்கள். இரு மத்ஹபுகளின் கணக்கிலும் மரக்காணத்து உப்பு நீரின் பக்கமே சேர்கிறது.

இதெல்லாம் வீண் நுணுக்கம் என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நாள் முழுதும் உப்புநீரில் நிற்பவரின் காலில் வெடிப்பும் புண்ணும் வரும். தண்ணீர் பட்டால் புண் மோசமாகும் என்றால் அவ்விடத்துக்குத் தயம்மும் செய்யச் சலுகை உண்டு. உடம்பின் நோவு அறிந்து பேசும் சட்டம் அது.

நோன்பும் அப்படியே. சந்திர ஆண்டு சுமார் 11 நாள் குறைவு என்பதால் ரமலான் பருவம்தோறும் நகர்கிறது. 2018இல் மே நடுவில், உப்பு நன்றாக விளையும் கோடையில் வந்தது. அந்த வெயிலில் உப்பு வாருபவர் நோன்பின் நிய்யத்தோடுதான் விடியலைத் தொடங்க வேண்டும். உயிருக்கோ உடலுக்கோ கேடு வரும் என்று கண்டால் திறந்துவிட்டுப் பின்னர் களாச் செய்யலாம் என்பது அறிஞர்கள் வகுத்த வழி.

வணக்கத்தின் எல்லை இதோடு முடிவதில்லை. யமன் நாட்டு மாரிபில் இருந்த உப்பு நிலத்தை அப்யள் பின் ஹம்மால் என்பவர் தமக்கெனக் கேட்க, நபியவர்கள் கொடுத்துவிட்டார்கள். அது வற்றாத ஊற்றைப் போன்றது என்று ஒருவர் எடுத்துச் சொன்னதும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எல்லோருக்கும் பொதுவானதை ஒருவர் கையில் முடக்கக் கூடாது என்று சட்ட அறிஞர்கள் இதிலிருந்து விதி கண்டார்கள். உப்பு வியாபாரியின் கையிருப்புச் சரக்குக்கு ஆண்டு நிறைந்தால் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத். உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபிமொழியும் எல்லோரும் அறிந்ததே. இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா நூலின் முதற் பகுதியை வணக்கங்களுக்கு வைத்து, அடுத்த பகுதியிலேயே சம்பாத்தியத்தைப் பேசுவது தற்செயலன்று.

வடகிழக்குப் பருவமழை இறங்கினால் உப்பளம் நீரில் மூழ்கும், கூலி நின்றுபோகும். அந்த மாதங்களுக்காகத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. அதைக் கொண்டு எத்தனை நாள் அடுப்பெரியும்? ஸதகா கொடுக்க ரமலான் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாங்குபவர் எந்தச் சமயத்தவர் என்று பார்க்க வேண்டியதும் இல்லை. இக்கரையின் ஜமாஅத்துகள் ஐப்பசி, கார்த்திகைக்கென்று ஒரு பங்கை இப்போதே ஒதுக்கி வைக்கட்டும்.