ஒரு கூட்டல் குறியின் கதை

"கண்ட்ரோல்+சி" என்று எழுதியிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இன்று பள்ளி மாணவனுக்கும் தெரியும். கண்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே சி விசையைத் தட்ட வேண்டும். ஆனால் நடுவில் இருக்கும் அந்தக் கூட்டல் குறிக்கு இந்தப் பொருள் தானாக வந்துவிடவில்லை. விசைகளைத் தாளில் எப்படி எழுதிக் காட்டுவது என்பதில் ஒரு ஒழுங்கு வர, கணினி உலகத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆயின!

தட்டச்சு இயந்திரக் காலத்தில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. 1878-ல் வந்த ரெமிங்டன் 2-ம் எண் இயந்திரத்தில்தான் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டும் சேர்ந்து வந்தன. அதற்காக வைக்கப்பட்டதே ஷிப்ட் விசை. ஷிப்ட் என்றால் நகர்த்துதல். அதை அழுத்தினால் இயந்திரத்தின் ஒரு பாகம் உண்மையிலேயே நகரும். விசையின் பெயரே அதன் வேலையைச் சொல்லிவிட்டது.

சிக்கல் கண்ட்ரோல் விசையோடு வந்தது. 1963-ல் அமெரிக்காவில் ஆஸ்கி என்ற குறியீட்டு முறை உருவானது. இதில் பெரிய எழுத்து 'சி'யின் எண் 67. கண்ட்ரோலோடு சேர்த்து அழுத்தினால் அதிலிருந்து 64 கழிந்து 3 ஆகிவிடும். 'ஜி' 71 என்பதால் அது 7 ஆகும். 7 போனால் டெலிடைப் இயந்திரத்தில் நிஜமாகவே மணி அடிக்கும்! ஆனால் இவற்றைத் தாளில் அச்சிட எழுத்து வடிவம் கிடையாது. எனவே எழுத்துக்கு முன் மேல்நோக்கிய அம்புக்குறி போட்டுக் காட்டும் வழக்கம் வந்தது. 1967-ல் ஆஸ்கியைத் திருத்தியபோது அந்த அம்பின் இடத்தில் ^ என்ற குறி வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்த ^சி என்று எழுதுவது அங்கிருந்து வந்ததுதான்.

இந்த முறையில் ஒரு குறை இருந்தது. ஒரு விசை என்றால் சரி, அடுத்தடுத்து இரண்டு விசை என்றால்? 1978-ல் வெளியான வேர்ட்ஸ்டார் மென்பொருளில் கோப்பைச் சேமித்து முடிக்க ^கேடி என்று காட்டப்பட்டது. கண்ட்ரோலைப் பிடிக்க வேண்டியது 'கே'க்கு மட்டுமா, 'டி'க்கும் சேர்த்தா? எழுதியதை வைத்துச் சொல்ல முடியாது. நல்லவேளையாக, எப்படி அழுத்தினாலும் வேர்ட்ஸ்டார் ஏற்றுக்கொண்டது.

எல்லா மென்பொருளும் அப்படி மன்னித்துவிடாது. 1976-ல் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பிறந்தது ஈமேக்ஸ். அதில் கண்ட்ரோலோடு எக்ஸ், பிறகு கண்ட்ரோலோடு எஃப் அழுத்தினால் ஒரு கோப்பைத் திறக்கலாம். இரண்டாவது முறை கண்ட்ரோலைப் பிடிக்காமல் வெறும் எஃப் அழுத்தினால், வரியின் அகலத்தை மாற்றும் கட்டளை வந்து நிற்கும். கையேட்டில் ஒரு எழுத்து விட்டுப்போனால் வேலையே மாறிவிடும். அதனால் ஈமேக்ஸ்காரர்கள் ஒரு கறாரான முறையை வைத்துக்கொண்டார்கள். சேர்த்து அழுத்த நடுவில் சிறு கோடு, ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த இடைவெளி.

1981-ல் ஐபிஎம் பிசி வந்தபோது கணினி வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போனது. அதன் முதல் விசைப்பலகையில் என்டர் விசை மேல் "என்டர்" என்ற சொல்லே கிடையாது. வளைந்த அம்பு மட்டும்தான். ஷிப்ட் மேலும் வெறும் அம்பு. கையேட்டில் ஒரு பெயர், விசை மேல் ஒரு படம் என்றால் புதியவர் எதைத் தேடுவார்?

"பிரஸ் எனி கீ" என்ற புகழ்பெற்ற வரியும் இந்த வகைதான். "எனி" என்று தனியாக ஒரு விசை இல்லை என்று காம்பாக் நிறுவனம் தன் இணையதளத்தில் விளக்கமே எழுதி வைத்திருந்தது. இதை நகைச்சுவையாகச் சொல்வார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால், "பிரஸ்" என்ற சொல்லுக்குப் பின் எப்போதும் ஒரு விசையின் பெயரே வரும்போது, இதையும் பெயர் என்று நினைத்தது படித்தவரின் தவறா?

ஆப்பிள் வேறு வழியில் போனது. 1984-ல் வெளியான மெக்கின்டோஷுக்காக சூசன் கேர் நான்கு மூலையிலும் வளையம் கொண்ட ஒரு சின்னத்தைத் தேர்ந்தெடுத்தார். சுவீடனில் பார்க்க வேண்டிய இடங்களைக் காட்டும் சின்னம் அது. விசை மேலும் அதே படம், திரையில் மெனுவிலும் அதே படம். தேடவே வேண்டாம்! ஆனால் பின்னர் வந்த விசைப்பலகைகளில் ஆப்பிள் படமும் சேர்ந்துகொள்ள, பலர் அதை "ஆப்பிள் கீ" என்றே அழைத்தார்கள். 2007-ல்தான் ஆப்பிள் படம் நீங்கி "கமாண்ட்" என்ற சொல் வந்தது.

1995-ல் மைக்ரோசாஃப்ட் தன் எழுத்து நடைக் கையேட்டைப் புத்தகமாக வெளியிட்டது. சேர்த்து அழுத்தக் கூட்டல் குறி, அடுத்தடுத்து அழுத்தக் காற்புள்ளி என்பது அதன் வழி. விண்டோஸோடு சேர்ந்து இந்தக் கூட்டல் குறி உலகமெங்கும் பரவியது. அதே 1995-ல் வந்த ஹெச்டிஎம்எல் 2.0-விலும், பயனர் தட்ட வேண்டியதைத் தனித்துக் காட்டுவதற்கென்றே கேபிடி என்ற குறிச்சொல் இடம்பெற்றது.

இதோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பிரவுசரில் எழுத்தைப் பெரிதாக்கக் கண்ட்ரோலோடு கூட்டல் விசையை அழுத்த வேண்டும். இதை "கண்ட்ரோல்++" என்று எழுதினால் யாருக்குப் புரியும்? இதனால்தான் இப்படிப்பட்ட இடங்களில் குறியைப் போடாமல் விசையின் பெயரை எழுத்தால் எழுதச் சொல்கிறார்கள். ஜெர்மன் விசைப்பலகையில் கண்ட்ரோல் என்ற சொல்லே இல்லை, "ஸ்டொய்யரூங்" என்பதன் சுருக்கம்தான் இருக்கும். மொழிபெயர்ப்பவர் விசையின் பெயரையும் மாற்றியாக வேண்டும். லினக்ஸின் பல டெர்மினல்களில் நகலெடுக்கக் கண்ட்ரோலோடு ஷிப்டும் சேர்த்து சி அழுத்த வேண்டும். வழிமுறையில் "ஷிப்ட்" என்ற ஒரு சொல் விட்டுப்போனால் நகல் வராது. ஓடிக்கொண்டிருந்த நிரல்தான் நின்றுபோகும். 1960-களின் அந்தப் பழைய ^சி இன்னும் உயிரோடு இருக்கிறது!

இந்த வரலாறு சொல்வது எளிய விஷயம்தான். விசை மேல் என்ன இருக்கிறதோ அதையே எழுத வேண்டும், முதல் பக்கத்தில் எழுதியது போலவே கடைசிப் பக்கத்திலும் எழுத வேண்டும். வழிமுறையைப் படிப்பவருக்கு அந்த மென்பொருள் தெரியாது, தெரிந்திருந்தால் படிக்கவே மாட்டார். எழுதியவரை நம்பித்தான் அவர் விரலை வைக்கிறார்.