ஒரு சமன்குறியும் டேலி ஆகாத பேரேடும்

வங்கிக்காரன் கணினி நிரலைப் பற்றி எழுதுவதா என்று சிரிக்காதீர்கள் :-) இதில் எங்கள் தொழிலும் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளையாவது கணினித்துறையில் இருக்குமே, அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சி மொழியை 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கினார். அதில் ஒரு '=' போட்டால் "இந்த மதிப்பைப் பதிந்துகொள்" என்று பொருள். '==' என்று இரண்டு போட்டால் "இரண்டும் சமமா, பார்" என்று பொருள். ஒன்றுக்குப் பதில் மற்றதைத் தட்டினாலும் இலக்கணப் பிழை கிடையாது. சரிபார்க்க வேண்டிய இடத்தில் கணினி பேசாமல் பதிந்துவிட்டுப் போய்விடும். தப்பு நடக்க வாய்ப்புள்ள இத்தகைய இடங்களைச் சுட்டிக்காட்டும் கருவிகளுக்கு முன்னோடி, அதே ஆய்வகத்தின் ஸ்டீபன் ஜான்சன் 1978ல் எழுதிய 'லின்ட்'. லின்ட் என்றால் துணியில் ஒட்டும் பஞ்சுத் தூசு. நல்ல பெயர்தான், இல்லையா?

இனி நான் இருக்கும் திருவனந்தபுரத்துக்கு வருவோம். 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இங்கே வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். 1987ல் அவர் வெளியிட்ட ஜிசிசி தொகுப்பியிலும் பின்னாளில் இந்த எச்சரிக்கை இடம்பெற்றது. நிபந்தனைக்குள் ஒற்றைச் சமன்குறி இருந்தால் அது எச்சரிக்கும். வேண்டுமென்றே எழுதியதுதான் என்றால், கூடுதலாக ஓர் அடைப்புக்குறி போட்டுச் சொல்ல வேண்டும்.

அந்த அடைப்புக்குறியையே ஒரு திருடன் பயன்படுத்தினான். 2003 நவம்பரில் லினக்ஸ் மூலநிரலின் ஒரு நகலில் இரண்டு வரிகள் புகுந்தன. பார்வைக்குப் பயனர் எண் பூஜ்யமா என்று சோதிப்பது போலிருக்கும். உண்மையில் அது பூஜ்யம் என்றே பதிந்துவிடும். லினக்ஸில் பூஜ்யம் என்றால் சர்வ அதிகாரமும் உள்ளவர்! அடைப்புக்குறி இருந்ததால் எச்சரிக்கைக்கும் வழியில்லை.

பிறகு எப்படிப் பிடிபட்டது? மூலம் பிட்கீப்பர் என்ற அமைப்பில் இருந்தது, நகல் சிவிஎஸ்ஸில். இரண்டையும் ஒப்பிட்டபோது, மூலத்தில் இல்லாத மாற்றம் நகலில் தெரிந்தது. எங்கள் பாஷையில் சொன்னால், பேரேடு டேலி ஆகவில்லை. மூலத்துக்குள் அது போகவே இல்லை. செய்தவர் யார் என்பது மட்டும் வெளிவரவில்லை.

எச்சரிக்கைக் கருவி கவனக்குறைவைப் பிடிக்கும். கள்ளத்தனத்தைப் பிடிக்க இரண்டாவது கணக்கு வேண்டும். ஒருவர் பதிவு போட்டால் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திடும் எங்கள் பழைய வழக்கத்தின் அர்த்தமும் அதுதான். நேரம் வீண் என்று அலுத்துக்கொள்ளும் உங்கள் பிள்ளைகளிடம் இந்த இரண்டு வரிக் கதையைச் சொல்லுங்கள்.