டேமியன் சாமியாரும் ஒரு கதாசிரியரும்

இரங்கற் கட்டுரை எழுதித் தரும்படி பத்திரிகாசிரியர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஸ்டீவன்ஸன் ஞாபகம் வந்துவிடுகிறது. 'புதையல் தீவு' எழுதினாரே, அதே ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன்தான். இறந்துபோன ஒரு மனிதருக்காக அவர் எழுதிய பகிரங்கக் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து, 'காலஞ்சென்றவர் குற்றமே அறியாதவர்' என்று எழுத எனக்குக் கை வருவதில்லை.

இறந்தவர் ஒரு கத்தோலிக்கப் பங்குச் சாமியார். பெல்ஜியத்தில் 1840-ல் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர். 1864-ல் ஹவாய்த் தீவுகளுக்கு வந்து அங்கேயே குருப்பட்டம் பெற்றார். அப்போது அந்த நாட்டில் தொழுநோய் பரவிக்கொண்டிருந்தது. 1865-ல் சட்டம் போட்டு, அடுத்த வருஷத்திலிருந்து நோயாளிகளை மொலோகாய்த் தீவின் ஒரு மூலையில் கொண்டுபோய் இறக்க ஆரம்பித்தார்கள். மூன்று புறமும் கடல். நாலாவது புறம் செங்குத்தான மலை. போனவர்கள் திரும்புவதாக வழக்கமில்லை. 1873 மே மாதம் டேமியன் தாமாகவே முன்வந்து அங்கே போய் இறங்கியபோது அவருக்கு வயது 33. ஆரம்ப நாட்களில் ஒரு தாழை மரத்தடியில்தான் படுக்கை.

பூசை முடிந்தால் கையில் ரம்பமும் சுத்தியலும் இருக்கும். வீடு கட்டினார், தண்ணீருக்குக் குழாய் போட்டார், புண்களைக் கழுவிக் கட்டினார், சவப்பெட்டி செய்தார், குழியும் வெட்டினார். நாற்றத்தைச் சகித்துக்கொள்ள புகைக்குழாய் பிடிக்கப் பழகினார். 1884-ல் ஒரு நாள் கொதிக்கும் நீர் காலில் பட்டது. தோல் வெந்தது, வலி மட்டும் இல்லை. நோய் தமக்கும் வந்துவிட்டதென்று தெரிந்துவிட்டது. 1889 ஏப்ரல் 15-ஆம் தேதி காலமானார்.

அதற்கு அடுத்த மாதம் ஸ்டீவன்ஸன் மொலோகாய்க்குப் போனார். அவரே மார்பு நோயாளி. ஒரு வாரம் போலத் தங்கி, அங்கிருந்த சிறுமிகளுடன் பந்து விளையாடினார். பிறகு அவர்களுக்கு ஒரு பியானோவும் அனுப்பிவைத்தார். டேமியனைப் பற்றி விசாரித்தார். யாரிடம் தெரியுமா? அவரைத் தெய்வமாக நினைத்தவர்களைவிட, அவருடன் முட்டிக்கொண்டவர்களிடம்தான் அதிகமாக.

இதற்கிடையில் ஹோனலூலுவில் இருந்த ஹைட் என்ற புராட்டஸ்டண்ட் பாதிரியார் தம் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுத, அது அச்சேறிவிட்டது. டேமியன் அழுக்கு மனிதர், முரடர், பிடிவாதக்காரர், பெண்கள் விஷயத்தில் சுத்தமில்லாதவர், அதனால்தான் நோய் வந்தது என்று அதில் கண்டிருந்தது. சிட்னியில் இருந்த ஸ்டீவன்ஸன் கொதித்துப் போனார். தாம் எழுதப்போகும் பதிலால் மானநஷ்ட வழக்கு வந்து உள்ளதெல்லாம் போகலாம் என்று குடும்பத்தாரிடம் சொல்லி, சம்மதம் பெற்றுக்கொண்டு, 1890-ல் அதை வெளியிட்டார். இத்தனைக்கும் அவர் கத்தோலிக்கர் அல்ல. ஹைட் சார்ந்த பக்கத்தில் வளர்ந்தவர்.

வக்கீலாக இருந்தால் எல்லாவற்றையும் மறுத்திருப்பார். இவரோ கதாசிரியர். அழுக்கா? ஆம். பிடிவாதமா? அதுவும் சரி. மதத்தில் குறுகிய புத்தியா? அதையும் ஒப்புக்கொள்கிறார். பெண்களைப் பற்றிய பேச்சை மட்டும் சாராயக் கடை வம்பு என்று உதறுகிறார். நோயாளிகளுக்காக வந்த நன்கொடைப் பணத்தை டேமியன் முதலில் கத்தோலிக்கர்களுக்கு மட்டும் செலவழிக்கத் திட்டமிட்டாராம். கூட இருந்தவர்கள் நெடுநேரம் வாதாடி அது தப்பு என்று காட்டினார்கள். கேட்டுவிட்டு, தப்புதான் என்று ஒப்புக்கொண்டு கணக்கை மாற்றி எழுதினார். ஸ்டீவன்ஸன் இதை மறைக்காமல் எழுதியதனால்தான் எனக்கு அந்தச் சாமியார் கண்ணெதிரே நடமாடுகிறார். பணத்தைப் பங்கிடத் தெரியாத, சொன்னால் கேட்டுக்கொள்கிற ஒரு குடியானவன்! என் பாட்டனார் கூட ஏறக்குறைய இப்படித்தான். அவர் போனபோது ஊரில் யாரும் இதைச் சொல்லவில்லை.

ஹைட்டின் மேல் ஸ்டீவன்ஸன் வீசிய சொற்கள் கொடூரமானவை. இன்று படித்தாலும் கூசுகிறது. அவரே அதே வருஷம் இன்னொரு கடிதத்தில் அதற்காக வருத்தப்பட்டிருக்கிறார்.

ரோமாபுரி டேமியனைப் புனிதராக அறிவித்தது 2009-ல். உடலை அதற்கு வெகு காலம் முன்பே, 1936-ல், பெல்ஜியத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். மொலோகாய் மக்களுக்கு அது பெரிய குறை. 1995-ல் வலது கையை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். அதை, அவர் கோவிலுக்குப் பக்கத்திலிருந்த பழைய கல்லறையிலேயே வைத்து மூடினார்கள்.