வாயில் வராத வார்த்தையும் வாரம் ஒரு நாள் மாத்திரையும்: முடக்குவாத சிகிச்சையில் 'பிரெய்ன் ஃபாக்' ஏன் வருகிறது?

"அந்த வாஷிங் மெஷின்ல தோசை மாவு இருக்கும், எடுத்துட்டு வாம்மா."

அம்மா சொல்ல வந்தது ஃபிரிட்ஜ். வீட்டில் எல்லோரும் சிரித்திருப்பீர்கள், அவரும் சேர்ந்து சிரித்திருப்பார். அடுத்த வாரம் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் சாப்பிட உட்காருகிறீர்கள். இருபது வருடமாக ஒரே தண்ணீரை ஆர்டர் செய்யும் அம்மாவுக்கு 'தே ஓ' என்ற சொல் வரவில்லை. "அது... அதுதான்..." என்று பக்கத்து மேசையைக் கை காட்டுகிறார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: "எனக்கு மறதி நோய் வந்துடுச்சா?"

முடக்குவாதத்துக்கு, அதாவது ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸுக்கு மருந்து எடுப்பவர்கள் பலர் இந்தக் கேள்வியை மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். டாக்டரிடம் மூட்டு வலியைச் சொல்வார்கள், மாத்திரை சாப்பிட்டால் வயிற்றைப் பிரட்டுவதைச் சொல்வார்கள். வார்த்தை தடுமாறுவதைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது.

'பிரெய்ன் ஃபாக்' என்பது ஒரு நோயின் பெயரா?

இல்லை. மருத்துவப் பதிவேட்டில் அப்படி ஒரு நோய் கிடையாது. கவனம் நிற்காதது, யோசனை மெதுவாவது, தெரிந்த சொல் நாக்கு நுனியில் நின்றுவிடுவது, ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றைச் சொல்வது எல்லாவற்றையும் சேர்த்து நோயாளிகளே வைத்த பெயர் அது. தமிழில் 'மூளை மூட்டம்' எனலாம். பினாங்குக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். மழை நாளில் புக்கிட் பெண்டேரா மேகத்துக்குள் மறைந்துவிடும், ஆனால் மலை அங்கேயேதான் இருக்கும். சொல்லும் அப்படித்தான். அரை மணி நேரம் கழித்து, யாரும் கேட்காதபோது, தானாக வந்து நிற்கும்.

முடக்குவாதம் என்பது உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கும் நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. 'வயசானவங்க வியாதி' என்று நினைப்பது தப்பு, இருபதுகளிலும் முப்பதுகளிலும்கூட ஆரம்பிக்கும். மலேசிய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுகளில், முடக்குவாத நோயாளிகளில் இந்தியர்களின் பங்கு நம் மக்கள்தொகை விகிதத்தைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கிறது. ஆகவே இதைப் படிப்பவர்களில் சிலருக்கு இது அம்மாவின் கதை, சிலருக்குச் சொந்தக் கதை.

காரணம் நோயா, மருந்தா?

பெரும்பாலும் பழி மருந்தின் மேல்தான் விழுகிறது. ஆனால் நோய்க்கே இதில் பங்கு உண்டு.

2012-இல் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 115 முடக்குவாத நோயாளிகளுக்கு நினைவாற்றல், கவனம், சொல் திறன் போன்றவற்றைச் சோதித்தார்கள். 31 சதவீதம் பேரிடம் சிந்தனைத் திறன் பாதிப்பு தெரிந்தது. ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களிடமும், இரத்த அழுத்தம் போன்ற இதயநோய் அபாயக் காரணிகள் உள்ளவர்களிடமும் அது கூடுதலாக இருந்தது. 2018-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த இன்னோர் ஆய்வில் 54 நோயாளிகளின் மூளையை எம்ஆர்ஐ ஸ்கேனில் பார்த்தார்கள். இரத்தத்தில் அழற்சியின் அளவு கூடியவர்களின் மூளையில், சில பகுதிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் விதமே மாறியிருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அதே போக்கு.

அதாவது வீங்கிய விரல் மூட்டில் இருக்கும் அழற்சி விரலோடு நிற்பதில்லை. இதோடு இரவெல்லாம் வலி, அரைகுறைத் தூக்கம், காலையில் ஒரு மணி நேரம் மடங்காத கை. இந்த நிலையில் யாருக்குத்தான் வார்த்தை சரியாக வரும்?

மெத்தோட்ரெக்சேட் என்ன செய்கிறது?

முடக்குவாதத்துக்குப் பெரும்பாலும் முதலில் தரப்படும் மருந்து இதுதான். இதன் பிறப்பில் நம் ஊர்ப் பக்கத் தொடர்பு ஒன்று உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் அமெரிக்காவில் தலைமை தாங்கிய ஆய்வுக் குழுதான், ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் இந்த வகை மருந்துகளை உருவாக்கியது. முதலில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்ட வகை. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் அமெரிக்காவில் அதிகாரபூர்வ அனுமதி பெற்றது 1988-இல்.

"கேன்சர் மருந்தாமே!" என்று சொந்தக்காரர் யாராவது பயமுறுத்தினால் ஒன்றைச் சொல்லுங்கள். புற்றுநோய்க்குக் கிராம் கணக்கில்கூடக் கொடுப்பார்கள். முடக்குவாதத்துக்குப் பொதுவாக வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம்தான்.

அந்தச் சின்ன அளவிலும் சிலருக்கு மருந்து எடுத்த மறுநாள் தலை கனத்து, களைப்பாக, மந்தமாக இருக்கும். ஓரிரு நாளில் விலகும். உங்கள் வீட்டிலும் அப்படியா என்று அறிய ஒரு மாதம் காலண்டரில் குறித்தாலே போதும். வார்த்தை தடுமாறிய நாளுக்கு ஒரு புள்ளி, மாத்திரை எடுத்த நாளுக்கு ஒரு வட்டம். வட்டத்துக்கு அடுத்த நாளெல்லாம் புள்ளியாக இருந்தால் டாக்டருக்கு அது நல்ல துப்பு. இரவில் எடுக்கச் சொல்லலாம், ஃபோலிக் அமில அளவை மாற்றலாம், மாத்திரைக்குப் பதில் ஊசிக்கு மாற்றலாம், வேறு மருந்தே தரலாம். வழிகள் பல இருக்கின்றன, ஆனால் முடிவு அவருடையது.

நாமே நிறுத்திவிடுவது மட்டும் வேண்டாம். அழற்சி திரும்பினால் மூட்டு கெடும், கெட்ட மூட்டு பழையபடி ஆகாது. மூட்டமும் கூடலாம். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டை நாளாக எடுப்பவர்கள் அதைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

'செகாலி செமிங்கு', 'செகாலி செஹாரி'

மூளை மூட்டத்தில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது என்பேன்.

அரசு மருத்துவமனை மருந்துப் பையில் மலாயில் எழுதியிருக்கும். 'செகாலி செமிங்கு' என்றால் வாரம் ஒருமுறை. 'செகாலி செஹாரி' என்றால் தினம் ஒருமுறை. கண்ணுக்கும் காதுக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு சொற்கள். இரத்த அழுத்த மாத்திரை தினமும், சர்க்கரை மாத்திரை தினமும், மெத்தோட்ரெக்சேட் மட்டும் வாரம் ஒரு நாள். தெளிவான தலைக்கே குழப்பம் வரும் ஏற்பாடு இது.

இன்னொரு சிக்கல், கூடவே தரும் ஃபோலிக் அமிலம். பல தயாரிப்புகளில் இரண்டுமே மஞ்சள் நிறத்துச் சின்ன மாத்திரைகள். ஒன்றை மற்றதென நினைத்து எடுத்தால், வாரம் ஒரு நாள் போக வேண்டியது வாரம் ஆறு நாள் போகும்.

மெத்தோட்ரெக்சேட்டைத் தவறுதலாகத் தினமும் எடுத்து உலகெங்கும் உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உற்பத்தி செய்வது குறைந்துவிடும். வாயெல்லாம் புண், காய்ச்சல், காரணமில்லாத இரத்தக்கட்டு என்று ஆரம்பிக்கும். ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் இதற்காகவே புதிய எச்சரிக்கை விதிகளைக் கொண்டுவந்தது.

பிள்ளைகள் இங்கே பெரிய உதவி செய்யலாம். எந்தக் கிழமை என்று ஒன்றை முடிவு செய்து, பையின் மேல் தமிழில் பெரிதாக எழுதுங்கள்: 'வெள்ளிக்கிழமை மட்டும்'. எத்தனை மாத்திரை என்பதையும் எழுதுங்கள். ஒன்று 2.5 மில்லிகிராம் என்றால், 10 மில்லிகிராமுக்கு நான்கு. இரண்டு மஞ்சள் மாத்திரைகளையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். கைப்பேசியில் அலாரம் வையுங்கள், அம்மாவுடையதில் மட்டுமல்ல, உங்களுடையதிலும்.

"இன்னைக்கு எடுத்தேனா இல்லையான்னு ஞாபகம் இல்லையே" என்றால், சந்தேகத்தில் இன்னொரு முறை எடுக்கக் கூடாது. மருந்தாளரிடம் போன் செய்து கேளுங்கள். ஒரு வேளை தவறினால் சமாளிக்கலாம், இரண்டு மடங்கு போனால்தான் பிரச்சினை. தினமும் எடுத்துவிட்டது தெரியவந்தால், ஆள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஃபோலினிக் அமிலம் என்ற மாற்று மருந்து உண்டு, அதை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது.

வேறு யார் மேல் சந்தேகப்படலாம்?

பட்டியல் நீளம். இரத்தசோகை, தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு ஆகியவற்றை இரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கலாம், சரிசெய்யவும் முடியும். சைவ உணவுக்காரர்களும், நீரிழிவுக்கு நாளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் பி12-ஐக் கேட்டுப் பார்க்கச் சொல்லலாம். மாதவிடாய் நிற்கும் வயதிலும் சொல் தடுமாற்றம் வரும். மனச்சோர்வுக்கும் இதே முகம் உண்டு.

பிற மருந்துகளையும் மறக்க வேண்டாம். டிரமடால், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவை தூக்கத்தையும் மந்தத்தையும் தரும். சளிக்கு என்று கடையில் சாதாரணமாக வாங்கும் குளோர்ஃபெனிரமின் மாத்திரையும் அப்படித்தான். கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது நல்ல பழக்கம். பெயர் ஞாபகம் வராத கவலையும் இல்லை.

நாலு மொழி பேசுவதால் வரும் குழப்பமா?

பினாங்கில் ஒரே வாக்கியத்தில் தமிழ், மலாய், ஆங்கிலம், நடுவில் கொஞ்சம் ஹொக்கியன் வருவது சாதாரணம். இரண்டு மொழி பேசுபவர்களுக்கு, முழு ஆரோக்கியத்திலும்கூட, சொல் நாக்கு நுனியில் நின்றுவிடுவது ஒரு மொழி மட்டும் பேசுபவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். சான் டியேகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமார் கோலன் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார். ஒவ்வொரு மொழியின் சொல்லும் குறைவான தடவை பயன்படுவது ஒரு காரணம் என்பது அவர் தரும் விளக்கங்களில் ஒன்று.

ஆகவே 'கரண்டி' வராமல் அம்மா 'செண்டோக்' என்றால் அது நோய்க்குறி அல்ல. கையில் இருக்கும் இன்னொரு சாவியால் அதே கதவைத் திறக்கிறார், அவ்வளவுதான். "தமிழ்ல சொல்லுங்கம்மா" என்று திருத்தாதீர்கள். சொல் எந்த மொழியிலும் வராவிட்டால், "எதுக்குப் பயன்படும்? என்ன நிறம்?" என்று கேட்டுப் பாருங்கள். விவரிக்கத் தொடங்கியதும் பல நேரம் சொல் வந்துவிடும்.

என்ன செய்தால் குறையும்?

முதலில் நோயைக் கட்டுக்குள் வைப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. பிரிட்டனில் அழற்சி மூட்டு நோய் உள்ள 367 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2022-இல் வெளியானது. ஆளுக்கேற்ற உடற்பயிற்சித் திட்டமும், தொலைபேசி வழி உளவியல் பயிற்சியும் களைப்பைக் குறைத்தன. அவர்கள் அளந்தது களைப்பை, சொல் தடுமாற்றத்தை அல்ல. ஆனாலும் இரண்டும் கைகோத்தே வருபவை. தாவரவியல் பூங்காவில் வெயில் ஏறுமுன் இருபது நிமிட நடை, மூட்டு அனுமதித்தால், நல்ல ஆரம்பம்.

தலை தெளிவாக இருக்கும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும். வங்கி வேலை, பரீட்சைப் படிப்பு, முக்கியமான மீட்டிங் இவற்றை அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள். மாத்திரைக்கு மறுநாள் வேண்டாம். வேலை செய்யும் இளையவர்கள் மேலதிகாரியிடம் "மருந்தோட பக்கவிளைவு, முக்கியமானதை மெசேஜ்ல போட்டுடுங்க" என்று ஒருமுறை சொல்லிவைப்பது, ஒவ்வொரு முறையும் சமாளிப்பதைவிட எளிது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மூட்டம் மெதுவாக வரும், ஏறும், இறங்கும். பக்கவாதம் திடீரென வரும். பேச்சு சட்டென்று குழறினால், சொல்வது புரியாமல் போனால், முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால் 999. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நோய் அபாயம் சுமார் ஒன்றரை மடங்கு என்பதால், "மருந்து மயக்கம்தான், படுத்தா சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள்.

மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும் மறதி, பழகிய வழியில் தொலைந்துபோவது, கணக்கு வழக்கு பிடிபடாமல் போவது ஆகியவை தனியாகப் பரிசோதிக்க வேண்டியவை.

ஜார்ஜ்டவுனில் இருப்பவர்கள் பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் 1 ரிங்கிட் கட்டணத்தில் தொடங்கலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு பினாங்கு பொது மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். குடிமக்களுக்கு நிபுணர் மருத்துவரை மறுமுறை பார்க்க 5 ரிங்கிட். உள்ளே போனதும் டாக்டர் முதலில் கேட்பது, "மூட்டு எப்படி இருக்கு?" என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் சொல்லி முடித்ததும், புள்ளியும் வட்டமும் போட்ட அந்தக் காலண்டரை எடுத்து மேசையில் வையுங்கள்.