மார்கழி வானமும் மண்டலங்களின் மோதலும்

கடிகாரம் வீடுதோறும் புகாத காலத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே பரந்துகிடக்கும் கிணற்றுத் தோட்டங்களில், விடிவெள்ளி முளைத்ததைக் கண்டு கமலைக்கு மாடு பூட்டுவதும், மார்கழி பிறந்துவிட்டால் அதே வெள்ளியைக் கண்டு பெண்கள் வாசல் தெளித்துக் கோலமிட்டுக் கோயிலுக்குப் புறப்படுவதும் வழக்கமாக இருந்தன. வானத்தைப் பார்த்துப் பொழுதறியும் இப்பழக்கத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த திருப்பாவையே சிறந்த சாட்சி. அதன் பதின்மூன்றாம் பாசுரத்தில், உறங்கும் தோழியை எழுப்பும் சாக்கில், வெள்ளி உதயமாகி வியாழன் அஸ்தமித்துவிட்ட செய்தியை ஆண்டாள் போகிறபோக்கில் சொல்லிச் செல்கிறாள்.

பக்தர்களுக்கு அது பொழுது புலர்ந்ததன் அடையாளம். சரித்திர ஆராய்ச்சியாளருக்கோ அது வானத்தில் பொறித்த சாசனம். ஆழ்வார்களின் காலத்தை நிர்ணயிக்கப் புகுந்த மு. இராகவையங்கார், நோன்பு தொடங்கும் பௌர்ணமியையும் இவ்விரு கிரகங்களின் நிலையையும் சேர்த்துப் பார்த்து, அக்காட்சி கி.பி. 731-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று முடிவு கட்டினார். கி.பி. 700 முதல் 1799 வரையிலான நாள்களுக்குப் பஞ்சாங்கக் கணிதம் செய்து எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922-இல் வெளியிட்ட பெருநூல் போன்ற கருவிகள் கைக்கு வந்துவிட்ட அக்காலத்தில், இலக்கியத்தில் கிரகநிலையைக் கண்டால் உடனே காலம் குறிக்க முனைவது அறிஞரிடையே ஓர் உற்சாகமாகவே இருந்தது. ஆயினும் எல்லோரும் இணங்கவில்லை. ஆண்டாளை ஒன்பதாம் நூற்றாண்டுக்குக் கொண்டுவருவோரும் உண்டு. காரணம் எளிது. வெள்ளி 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே நாளில் அதே இடத்துக்குத் திரும்புகிறது. வியாழன் வானத்தைச் சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகின்றன. எனவே ஒரு மார்கழியில் கண்ட காட்சி, சற்று முன்பின்னாக, 24 ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்து நிற்கக்கூடும். திரும்பத் திரும்ப வரும் ஒன்றை மட்டும் நம்பிக் காலத்தை நிறுவ இயலாது என்பதே என் கருத்தும்.

அன்றியும், இக்கிரகங்களின் சந்திப்பும் பிரிவும் நம் பார்வைக்கு மட்டுமே உரியவை. அவற்றிடையே எப்போதும் கோடிக்கணக்கான மைல் இடைவெளி உண்டு. மெய்யாகவே நெருங்கி மோதிக்கொள்பவை கேலக்ஸி எனப்படும் நட்சத்திர மண்டலங்கள். மார்கழி மாலையில் ஏழு மணியளவில், நிலவில்லாத நாளாக இருந்தால், உத்திரட்டாதி நட்சத்திரத்துக்கு வடக்கே வெண்புகைபோல் ஒரு திட்டு வெறுங்கண்ணுக்கே தெரியும். பாரசீக வானநூலார் அல் சூஃபி 964-இல் குறித்துவைத்த ஆண்ட்ரோமெடா மண்டலம் அது. அதன் ஒளி புறப்பட்டு 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அது நம்மை நோக்கி வருகிறது என்பதை 1912-இல் அமெரிக்கரான ஸ்லைஃபர் அளந்து கண்டார். நம் மண்டலத்தை அது விநாடிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகிறது. இன்னும் 400 கோடி ஆண்டுகளில் மோதல் நிச்சயம் என்று 2012-இல் சொன்னார்கள். 2025-இல் செய்த கணக்கோ, 1000 கோடி ஆண்டுகளுக்குள் மோதவும் மோதாமல் போகவும் சமவாய்ப்பே உண்டு என்கிறது.

மோதினால் பிரளயம் என்று அஞ்ச வேண்டியதில்லை. சூரியனை ஒரு மணல் துகளாகச் சுருக்கி ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரவாசலில் வைத்தால், அடுத்த நட்சத்திரமாகிய மணல் துகள் ராஜபாளையத்தில் கிடக்கும்; இத்தகைய வெறுமையில் துகளும் துகளும் முட்டிக்கொள்ள ஏது வழி? முட்டிக்கொள்பவை வாயு மேகங்களே. அவை நெருக்குண்டு இறுகிப் புதிய நட்சத்திரங்களைத் திரள் திரளாக ஈனுகின்றன. ஆகர்ஷணத்தால் இழுபட்ட பழைய நட்சத்திரங்களோ நீண்ட வால்களாக வெளியே வீசப்படுகின்றன.

இதைக் கணிப்பொறி இல்லாமலே ஆராய்ந்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் ஹோல்ம்பெர்க். ஒளியும் ஆகர்ஷணமும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகின்றன என்னும் ஒற்றுமையைப் பற்றிக்கொண்டு, மண்டலத்துக்கு 37 வீதம் 74 மின்விளக்குகளை 1941-இல் பரப்பி, ஒவ்வொன்றின் இடத்திலும் விழும் ஒளியை அளந்து, அதையே இழுவிசையாகக் கொண்டு விளக்குகளைப் படிப்படியாக நகர்த்தினார். இவ்வளவு எளிய கருவியால் இவ்வளவு பெரிய காரியத்தை ஆராய்ந்தவர் வேறு யாரையும் நான் அறியேன்.

மோதிய மண்டலங்கள் ஒன்றையொன்று ஊடுருவிப் போய்விடாமல் முடிவில் ஒன்றாகக் கலப்பதற்கான காரணத்தை விளங்கவைக்கும் சூத்திரம் ஒரு தமிழருடையது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், நட்சத்திரங்களிடையே செல்லும் கனத்த பொருளின் பின்னால் அவை ஈர்க்கப்பட்டுத் திரண்டு அதைப் பின்னோக்கி இழுத்து வேகத்தைத் தணிக்கின்றன என்று 1943-இல் எழுதினார். மோதும் மண்டலங்களின் இயக்கத்தைப் பற்றி 1965-இல் ஆய்வுரை வெளியிட்ட எஸ். எம். அலாதீன், ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் அத்துறையை வளர்த்தார்.

கிரகங்களின் சுழற்சியைப் போலன்றி, மண்டலங்களின் சங்கமம் மீளாதது. கலந்தவை பழையபடி பிரிவதில்லை. ஆகவே இராகவையங்காருக்கு வெள்ளி கொடுக்க மறுத்த உறுதியை, வானநூலாருக்கு மோதலின் சுவடு கொடுக்கிறது. நம் பால்வீதியின் ஒரு பகுதி நட்சத்திரங்கள் மற்றவற்றோடு ஒட்டாத நெடிய பாதைகளில் திரிவதையும், அவற்றின் உலோகக் கலவை மாறுபடுவதையும் கையா விண்கலத்தின் அளவைகளில் கண்ட ஆராய்ச்சியாளர்கள், ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் வேறொரு மண்டலம் இதில் வந்து கலந்தது என்று 2018-இல் நிறுவினார்கள்.

இன்றும் ஒரு மோதல் நடக்கிறது. தனுசு ராசியின் திசையில் பால்வீதியால் கிழிபட்டுக்கொண்டிருக்கும் குறுமண்டலம் ஒன்றை 1994-இல் கண்டார்கள். தனுர் மாதமாகிய மார்கழியில் சூரியன் அதே திசையில் நிற்பதால் அப்பகுதி மறைந்திருக்கும். ஆண்டாளின் தேர் ஓடும் ஆடியில், இரவு பத்து, பதினொரு மணிக்குத் தெற்கு வானில் உத்திராட நட்சத்திரத்தை ஒட்டிச் சிறு தொலைநோக்கியைத் திருப்பினால், அக்குறுமண்டலத்தின் நடுவேயுள்ள எம் 54 என்னும் நட்சத்திரக் கொத்து மங்கலாகத் தெரியும். 1778-இல் பிரெஞ்சுக்காரரான மெஸ்ஸியே கண்டு பட்டியலில் சேர்த்த அதை, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் மண்டலத்துச் சொத்தாகவே கருதிவந்தார்கள்.