நடன மாரத்தான்: உட்காராமல் ஆடியவர்களின் வரலாறு

நடன மாரத்தான் என்பது பங்கேற்பவர்கள் உட்காராமலும் தூங்காமலும் பல மணி நேரம் தொடர்ந்து ஆடும் நிகழ்ச்சியாகும். இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு நிதி திரட்ட மாணவர்களே இதை நடத்துகின்றனர். ஆனால் இது அறப்பணியாகப் பிறந்ததல்ல. பிழைப்புக்காக நின்றவர்களின் விளையாட்டைப் பிற்காலத்தில் விரும்பி நின்றவர்கள் எடுத்துக்கொண்டனர். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் போன்று, நின்றபடி வேலை செய்வோர் ஏராளமாக உள்ள ஒரு தொழிற்பகுதியிலிருந்து பார்க்கும்போது இந்த மாற்றம் கூடுதல் பொருள் பெறுகிறது.

போட்டியாகத் தொடக்கம்

1923 மார்ச் 31 அன்று நியூயார்க்கின் ஆடுபான் நடனக்கூடத்தில் ஆல்மா கமிங்ஸ் என்ற நடன ஆசிரியை 27 மணி நேரம் ஆடினார். அவருடன் ஆடிய ஆண்கள் ஆறு பேர் ஒருவர்பின் ஒருவராகக் களைத்து விலகினர். செய்தி பரவியதும் நகரந்தோறும் சாதனையை முறியடிக்கும் வெறி எழுந்தது. சில வாரங்களிலேயே ஹோமர் மோர்ஹவுஸ் என்ற இளைஞர் 87 மணி நேரம் ஆடிய பின் இறந்தார். ஆட்டம் அதனால் நிற்கவில்லை.

1929-க்குப் பின் வந்த பெருமந்தம் இதன் இயல்பையே மாற்றியது. வேலையற்றோர் பரிசுத்தொகைக்காக மட்டுமின்றி, கூரைக்கும் உணவுக்கும் ஆகப் போட்டிகளில் சேர்ந்தனர். மணிக்கு 45 நிமிடம் ஆட்டம், 15 நிமிடம் ஓய்வு என்ற கணக்கில் போட்டிகள் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் நீடித்தன. இணையில் ஒருவர் மற்றவர் தோளில் தூங்கலாம். முழங்கால் தரையைத் தொட்டால் வெளியேற வேண்டும். சில்லறைக் காசு கொடுத்து உள்ளே வந்த பார்வையாளர்கள் காண வந்தது நடனத்தை அல்ல, யார் விழுகிறார் என்பதையே. பல மாநிலங்கள் இப்போட்டிகளைத் தடைசெய்தன. ஹொரேஸ் மெக்காய் 1935-இல் இவற்றைப் பின்னணியாகக் கொண்டு எழுதிய நாவல், சிட்னி போலக்கின் இயக்கத்தில் 1969-இல் திரைப்படமானது.

மாணவர் கைக்கு வந்தது

1973-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவர் சகோதரச் சங்கங்களின் கூட்டமைப்பு 30 மணி நேர நடன மாரத்தான் ஒன்றை நடத்தியது. கிடைத்தது 2,000 டாலருக்குச் சற்று மேல். 1977 முதல் இந்நிகழ்ச்சி 'நான்கு வைரங்கள்' நிதியத்துடன் இணைந்தது. புற்றுநோயால் 14 வயதில் இறந்த கிறிஸ்டோபர் மில்லர்ட் என்ற சிறுவனின் நினைவாக அவனது பெற்றோர் 1972-இல் நிறுவியது இந்த நிதியம். நான்கு வைரங்களைத் தேடிச் செல்லும் வீரனைப் பற்றி அச்சிறுவன் எழுதிய கதையே பெயருக்கு மூலம். துணிவு, அறிவு, நேர்மை, வலிமை என்பவை அந்த வைரங்கள். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் குடும்பங்களுக்கு, காப்பீடு ஏற்காத மருத்துவச் செலவை நிதியம் ஏற்கிறது.

'தான்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இந்நிகழ்ச்சி 2007 முதல் 46 மணி நேரம் நடைபெறுகிறது. பிப்ரவரியில் ஒரு வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மாலை முடிகிறது. 2025-இல் திரண்ட தொகை ஏறத்தாழ 1.77 கோடி டாலர்.

இத்தொகை அந்த 46 மணி நேரத்தில் சேர்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாணவர் குழுக்கள் ஆண்டு முழுவதும் திரட்டுகின்றன. நின்று ஆடுவது அந்த உழைப்பின் கண்ணுக்குத் தெரியும் முகம் மட்டுமே. தெரியாத பகுதியில்தான் ஆபத்தும் இருந்தது. வார இறுதிகளில் வெளியூர்ச் சாலைச் சந்திப்புகளில் டப்பா ஏந்தி வசூலிப்பது நெடுநாள் வழக்கம். 2015-இல் அவ்வாறு சென்ற மாணவி ஒருவர் சாலை விபத்தில் இறந்தார். மறு ஆண்டு அவ்வழக்கத்தைப் படிப்படியாகக் கைவிட அமைப்பாளர்கள் முடிவு செய்தனர். நிதித் திரட்டல் குறையும் என்ற அச்சம் இருந்தும் எடுக்கப்பட்ட முடிவு அது. ஐம்பதாண்டு வரலாற்றில் மிக முக்கியமானதும் அதுவே எனலாம்.

இந்தியானா பல்கலைக்கழக மாரத்தான் 1991-இல் தொடங்கியது. இரத்தம் உறையாமை நோய்க்கான சிகிச்சையின் வழியே எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாகி, பள்ளியில் அனுமதி மறுக்கப்பட்ட ரயன் வைட், அப்பல்கலைக்கழகத்தில் சேரவிருந்த நிலையில் 1990-இல் இறந்தார். அவர் நினைவாகவே அது நடக்கிறது.

காஞ்சிபுரம் வட்டாரத்தில்

இரவு முழுதும் ஆடுவது ஸ்ரீபெரும்புதூர் உள்ளிட்ட காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து பல இரவுகள் தொடரும். இரவு பத்து மணியளவில் தொடங்கும் கூத்து விடியும்போது முடியும். ஊரார் வரி வைத்துச் செலவை ஏற்பதும், அன்பளிப்புத் தருபவரின் பெயரையும் தொகையையும் கட்டியங்காரன் ஆட்டத்தின் நடுவே அறிவிப்பதும் வழக்கம். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் நடத்திய உறைவிடப் பள்ளியில் 2002 முதல் 2020 வரை சிறுவர் சிறுமியர் பாடக்கல்வியுடன் இக்கலையையும் பயின்றனர். இங்கே விழித்திருப்பது கதைக்காக; யார் கடைசிவரை நிற்கிறார் என்ற கேள்வி எழுவதில்லை.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது. இவற்றோடு இப்பகுதியின் இரவு ஷிப்டுக்கும் உரியதாயிற்று. சட்டமும் உட்காருவதைப் பற்றிப் பேசுகிறது. துணிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டம் திருத்தின. கேரளத் திருத்தத்துக்கு முன்னோடியாக இருந்தது கோழிக்கோட்டுக் கடைகளின் பெண் ஊழியர்கள் நடத்திய போராட்டம். ஆலைத் தொழிலாளர்களுக்கு இது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவிலேயே இடம்பெற்றது. நின்று வேலை செய்ய வேண்டியவர்கள், வேலைக்கிடையே ஓய்வு வாய்க்கும்போது உட்கார ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். மணிக்கு எத்தனை நிமிடம் என்று அப்பிரிவு குறிப்பிடவில்லை.