எந்த மாதத்தில் அளப்பது? குதிகால் வலிச் சிகிச்சைகளை ஒப்பிடுவதில் ஒரு சிக்கல்

நாள்பட்ட குதிகால் வலிக்கு அறுவை இல்லாத சிகிச்சைகளில் எது மேலானது என்ற கேள்விக்கு ஆய்வுகள் முரணான விடைகளைத் தருவதாக ஒரு மனக்குறை உண்டு. அந்த முரணில் பெரும்பகுதி சிகிச்சைகளால் வந்ததல்ல, ஒப்பிட்ட விதத்தால் வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். எதனோடு ஒப்பிட்டார்கள், எத்தனையாவது மாதத்தில் அளந்தார்கள் என்ற இரண்டையும் மாற்றினால் தரவரிசையும் மாறிவிடுகிறது.

முதலில் நோயின் தன்மை. எக்ஸ்ரேயில் தெரியும் 'எலும்பு வளர்ச்சி'தான் வலிக்குக் காரணம் என்று நம் ஊர்களில் இன்னும் சொல்லப்படுகிறது. அந்த வளர்ச்சி, வலியே இல்லாதவர்களிடமும் காணப்படுவது. வலியின் இடம் பெரும்பாலும் பிளான்டார் ஃபேசியா எனப்படும் உள்ளங்கால் திசுப்பட்டை குதிகால் எலும்பில் பற்றும் பகுதி. அறுவையில் எடுத்த 50 பேரின் திசுவை ஆராய்ந்து 2003இல் லெமான்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் அழற்சியின் தடயம் இல்லை. இருந்தது திசுச் சிதைவு. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு ஊசியிடம் நீண்டகாலப் பலனை எதிர்பார்க்கலாமா என்ற ஐயம் இங்கேயே தொடங்குகிறது.

அந்த ஐயத்துக்கு வலுச் சேர்ப்பது மெக்மில்லன் குழுவின் 2012ஆம் ஆண்டு ஆய்வு. 82 பேரில் ஒரு பகுதியினருக்கு அல்ட்ராசவுண்ட் உதவியுடன் டெக்ஸாமெத்தசோனும் மற்றவர்களுக்கு உப்புநீரும் செலுத்தினார்கள். நான்காவது வாரத்தில் மருந்து பெற்றவர்களின் வலி, நூற்றுக்கு ஏறத்தாழ 11 புள்ளி அளவுக்குக் கூடுதலாகக் குறைந்திருந்தது. எட்டாவது வாரத்தில் அந்த வேறுபாடு இல்லை. ஆனால் திசுப்பட்டையின் தடிப்பு பன்னிரண்டாவது வாரத்திலும் குறைந்தே இருந்தது. ஸ்கேனில் தெரியும் முன்னேற்றத்தை வலி நீங்கியதற்கான சான்றாகக் கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வும், ஊசியின் பலன் ஒரு மாதம்வரை சிறிதளவு இருக்கலாம், அதற்குமேல் இல்லை என்றே முடிந்தது.

உடற்பயிற்சி ஆய்வுகளிலும் இதே காலக் கணக்கு வருகிறது. 1954இல் ஹிக்ஸ் விளக்கியபடி, கால் விரல்கள் மேல்நோக்கி மடியும்போது உள்ளங்கால் திசுப்பட்டை இறுகுகிறது. இதன் அடிப்படையில் ராத்லெஃப் குழுவினர், விரல்களுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, ஒற்றைக் காலில் குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்கும் பளுப் பயிற்சியை 48 பேரிடம் நீட்சிப் பயிற்சியோடு ஒப்பிட்டார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, மூன்றாவது மாதத்தில் பாதச் செயல்பாட்டுக் குறியீட்டில் பளுப் பயிற்சி 29 புள்ளி முந்தியிருந்தது. பன்னிரண்டாவது மாதத்தில் இரு பிரிவும் சமம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஓராண்டில் வேறுபாடு மறைவதால் பளுப் பயிற்சி வீண் என்று சொல்லாத நாம், ஒரு மாதத்தில் மறையும் பலனுக்காக ஊசியை மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும்? என் விடை, பலனில் அல்ல, அதற்குக் கொடுக்கும் விலையில் இருக்கிறது. அசெவெடோவும் பெஸ்கினும் 1998இல் வெளியிட்ட 765 நோயாளிகளின் பதிவில் திசுப்பட்டை அறுந்தவர்கள் 51 பேர். அவர்களில் 44 பேர் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள். அது பின்னோக்கிப் பார்த்த பதிவு, சமவாய்ப்பு ஆய்வு அல்ல. ஊசியே காரணம் என்று அதை வைத்து மட்டும் அறுதியிட முடியாது. ஆனாலும் முதல் வருகையிலேயே ஊசியை எடுக்கும் கை சற்றுத் தயங்க அது போதும்.

'எப்படியும் ஓராண்டில் தானாகச் சரியாகிவிடும்' என்ற ஆறுதலையும் ஆராயாமல் ஏற்க வேண்டாம். டென்மார்க்கில் ஹான்சன் குழு 174 நோயாளிகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட நீண்டகால ஆய்வில், ஐந்தாண்டுக்குப் பின்னும் வலி நீடிக்கும் வாய்ப்பு பாதியளவு இருந்தது. மருத்துவமனைவரை வந்தவர்கள் என்பதால் கடுமையான நோயாளிகளே இதில் கூடுதலாக இருந்திருக்கலாம்.

ஒப்பீட்டுப் பிரிவின் வலிமை என்னவென்று அதிர்வலைச் சிகிச்சையின் வரலாறு காட்டுகிறது. 2002இல் புக்பைண்டர் குழுவின் 166 பேர் ஆய்வில் அது போலிச் சிகிச்சையை வெல்லவில்லை. 2008இல் கெர்டஸ்மேயர் குழு வேறு வகைக் கருவியைக் கொண்டு செய்த ஆய்வில் 61 விழுக்காட்டினர் தேறினர். போலிச் சிகிச்சையில் தேறியவர்களோ 42 விழுக்காடு. வெற்றியின் பெரும்பங்கு அலை இல்லாமலே வந்துவிட்டது! பின்னர் ஆஸ்லோவில் 200 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வு கேள்வியையே திருத்தியமைத்தது: நல்ல ஆலோசனையும் அளவெடுத்துச் செய்த இன்சோலும் கிடைத்தவருக்கு அதிர்வலை எதைக் கூட்டித் தருகிறது? ஆறாவது மாதத்தில் எதையும் கூட்டவில்லை. பயிற்சித் திட்டமும் அப்படித்தான். பயிற்சியின் பக்கம் சாய்பவர்கள், நானும் அவர்களில் ஒருவன், இந்த முடிவைக் கண்டும் காணாமல் போகக் கூடாது.

இன்சோலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லேண்டார்ஃப் குழு 135 பேரிடம் நடத்திய 2006ஆம் ஆண்டு ஆய்வில் ஆயத்த இன்சோலும் அளவெடுத்துச் செய்ததும் ஏறக்குறைய ஒன்றுபோலவே பயன் தந்தன. ஆகவே விலை குறைந்ததையே முதலில் வாங்கலாம்.

மாரிசி குழுவின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி நீட்சிப் பயிற்சி, டேப் ஒட்டுதல், ஆளுக்கேற்ற ஆலோசனை மூன்றையும் முதல் படியில் வைத்து, பலன் போதாதபோது அதிர்வலையையும், அதன்பின் இன்சோலையும் சேர்க்கச் சொல்கிறது. அதிர்வலைக்கு முன்னதாக ஆயத்த இன்சோலும் பளுப் பயிற்சியும் வர வேண்டும், ஸ்டீராய்டு கடைசியில் நிற்க வேண்டும் என்பது என் தீர்ப்பு. செலவும் தீங்கும் குறைந்தவை முன்னால் என்ற ஒரே அளவுகோல்தான் இதற்குக் காரணம்.

ஒன்று விடுபட்டிருக்கிறது. வேலை நேரத்தில் பெரும்பகுதி நின்றுகொண்டே இருப்பது இவ்வலிக்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்று என்று 2003இலேயே ரிடில் குழு காட்டியது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. மேலே சொன்ன சிகிச்சை ஆய்வுகள் எதிலும் நிற்கும் நேரத்தைக் குறைப்பது தனி ஒப்பீட்டுப் பிரிவாக இல்லை. ஜவுளிக்கடை ஊழியர்களிடையே அத்தகைய ஆய்வு ஒன்றை நம் மருத்துவக் கல்லூரிகள் தொடங்க வேண்டும். அதற்கு ஊசியோ கருவியோ தேவையில்லை, நாற்காலி போதும்.